இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில் பதினோரு தட்டச்சுக் கடைகள் இருக்கின்றன. பதினொன்றிலும் கணினி உண்டு, அச்சு இயந்திரம் உண்டு, ‘சொன்ன தேதியில் ஆய்வேடு தயார்’ என்று சுவரில் ஒரு பொய்யும் உண்டு. ஆனால் ஆய்வேட்டின் வால் பகுதியான துணைநூற்பட்டியல் என்று வந்துவிட்டால் எல்லோரும் கமாவிடம்தான் போவார்கள்.

கமா என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் மாதாமாதம் வந்துபோகும். நூல் என்றால் ஆசிரியர் பெயருக்குப் பின் என்ன குறி, இதழ்க் கட்டுரை என்றால் எது சாய்வெழுத்தில் வரும், நாளிதழ் என்றால் எந்தத் தேதி, இணையதளம் என்றால் பார்த்த நாள் எங்கே, நேர்காணல் என்றால் யாரிடம், எப்போது, எந்த இடத்தில் என்பதெல்லாம் மனிதருக்கு விரல்நுனி. ஒரு மாணவன் தன் தாய்மாமன் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னதை நூல்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு வந்தான். கமா அவனை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, அது எப்படி நேர்காணல் ஆகும் என்று விளக்கி, அந்த மாமனையே தொலைபேசியில் கூப்பிட்டு முழுப்பெயரையும் தேதியையும் வாங்கிய பிறகுதான் விட்டார். மாமன் கடன் கேட்கத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு முறை இணைப்பைத் துண்டித்தாராம். பெண்டாட்டி இல்லாத வீட்டுக்கு நேரத்தோடு போய் என்ன செய்யப்போகிறார், அதனால்தான் புள்ளியையும் கமாவையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார் என்று தெருவில் பேச்சு. தெருவின் வாய் என்ன, வாடகைக்கா எடுத்தது.

கடையில் அவரோடு இருப்பவர் பைண்டிங் அக்கா. பசை தடவுவதும், அட்டை வெட்டுவதும், அழுத்து இயந்திரத்தைத் திருகுவதும் சம்பளத்துக்கு. மற்றவர் சங்கதியைத் தெரிந்துகொள்வது சேவை.

அந்தத் தெருவின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டைத் திருத்த வருகிற பேராசிரியர்கள் துணைநூற்பட்டியலைப் படிப்பதில்லை, எண்ணுவார்கள். நாற்பது இருந்தால் தலையாட்டுவார்கள். முப்பத்தைந்து இருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். மாணவர்கள் முப்பத்தைந்தோடு வந்து நின்று தலையைச் சொறிவார்கள். அதற்காகவே ஒவ்வொரு கடையிலும் ஒரு கோப்பு உண்டு. கமாவின் கோப்புக்கு ‘ஒட்டுத்துணி’ என்று பெயர். எங்கே கிழிசலோ அங்கே ஒட்டுவது. மற்ற கடைகளின் ஒட்டுத்துணியில் வாயில் வந்த பெயரெல்லாம் இருக்கும். கமாவினுடையதில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் நூலகத்துக்கு நடந்துபோய், அலமாரியில் கண்ணால் பார்த்து, எழுதிக்கொண்டு வந்தது. துறைவாரியாக இருநூற்றுக்கு மேல் இருந்தன. மாணவன் அதைப் படித்திருக்க மாட்டான் என்பது வேறு கதை, புத்தகம் என்னவோ நிஜம்.

ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அவர் மனைவியினுடையது.

அந்த அம்மாளைத் தெரு டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். பட்டம் வாங்குவதற்கு முன்பே கூப்பிட ஆரம்பித்தது. கேலியில் பாதி, மரியாதையில் பாதி. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தவர். இரண்டாவது அத்தியாயத்தில் பைண்டிங் அக்காவுக்கு மோப்பம் பிடித்துவிட்டது, மூன்றாவதில் கல்யாணம். பெரிய மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவிலும் மாடிப்படியிலும் கிடக்கிறார்களே, அந்த உறவுக்காரர்களைப் பற்றித்தான் ஆய்வு. மூன்று வார்டுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஊழியர்கள் செய்ய வேண்டியதில் எத்தனை வேலையை இந்தத் துணையாட்கள் செய்கிறார்கள் என்று எண்ணினார். ரத்தக் குழாயைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலியைத் தேடிப் பிடிப்பது என்று பதினாறு வேலைகள் தேறின. நான்காவது அத்தியாயம் முடிகிற சமயத்தில் அவரே அந்த வார்டில் படுத்தார். துணையாள் கமா. ஒருநாள் பாட்டில் மாட்டுகிற கம்பிக்குச் சக்கரம் கழன்றிருந்தது. மருந்து பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கமா ஸ்ட்ரெச்சரோடு மூன்று மாடி நடந்தார். படுத்த வாக்கிலேயே அந்த அம்மாள் சொன்னார், "இது நம்ம பட்டியல்ல இல்லங்க. பதினேழாவதா எழுதிக்கோங்க." அவர் எழுதிக்கொண்டார். ஐந்தாவது அத்தியாயம் எழுதப்படவே இல்லை.

அவர் போய் நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மருத்துவமனைச் சுகாதாரம் பற்றி எழுதிய ஒருத்தி முப்பத்தொன்பது நூல்களோடு வந்தாள். ஒட்டுத்துணியில் அந்தத் துறைக்கு எதுவும் மிச்சமில்லை, இருந்ததெல்லாம் அவள் பட்டியலிலேயே வந்திருந்தது. கமா கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் பெயரை, மாமனார் வீட்டு முதலெழுத்தோடு, அடித்தார். தலைப்பை அடித்தார். ‘வெளியிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு’ என்று அடித்தார். துறையின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், அந்த வருஷம். அகரவரிசையில் இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார் டாக்டரம்மா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவ்வளவுதான் செய்தது. மிச்சத்தை மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முந்தைய ஆய்வேட்டைப் பார்த்து அடுத்தவன் எழுதினான், அவனைப் பார்த்து அதற்கடுத்தவள். ஒன்பது வருஷத்தில் மருத்துவமனை என்ற சொல் வருகிற ஆய்வேடு எதுவும் டாக்டரம்மா இல்லாமல் பைண்டிங் ஆகவில்லை. கமா ஒவ்வொரு முறையும் அந்த வரியை அடிக்கும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார் என்று பைண்டிங் அக்கா சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் நெஞ்சில் முள் தைத்தது. ஒரு மாணவனின் கைப்பிரதியை அடித்துக்கொண்டே போனவர் ஒரு வாக்கியத்தில் நின்றார். ‘மருத்துவமனைச் சீர்கேட்டுக்கு நோயாளிகளுடன் வரும் உறவினர்களே முதன்மைக் காரணம், அவர்களை வெளியேற்றுவதே தீர்வு.’ அடைப்புக்குறிக்குள் டாக்டரம்மாவின் பெயர், ப. 212. அவர் எழுதிய மொத்தப் பக்கமே நூற்று நாற்பத்தொன்று. அதில் ஒரு வரிகூட இதைச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் இதற்கு நேர்மாறு. அந்தப் பையனிடம் என்னவென்று சொல்வது? இந்த ஆய்வேட்டில் இந்தப் பக்கமே கிடையாது என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பான். வாயை மூடிக்கொண்டு அடித்தார். அடித்த பிறகு எழுந்துபோய்க் கைகழுவினார். அதற்குப் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை தவறாமல் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பைண்டிங் அக்கா அவளுக்கு ‘விசாரணை’ என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, கையில் மடித்த தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், முப்பத்தொரு ஆய்வேடு பாத்தேன். எல்லாத்துலயும் இந்த ஒரு ஆய்வேடு வருது. நூலகத்துல தேடினேன், இல்ல. துறை ஆபீஸ்ல பதிவேட்டப் பாக்கச் சொன்னேன். பேரு பதிஞ்சிருக்காங்க, ஆனா சமர்ப்பிச்சதா இல்ல."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? டைப் பண்றவன்கிட்ட வந்து கேக்குற."

"முப்பத்தொண்ணுலயும் நன்றியுரைல உங்க கடை பேரு இருக்கு சார்."

பைண்டிங் அக்காவின் பசைத் தூரிகை அட்டையின் பாதியில் நின்றது.

நன்றியுரையை யாரும் படிப்பார்கள் என்று தெருவில் ஒருவரும் எதிர்பார்த்ததில்லை. அதுவும் பட்டியலைப் போலத்தான், இருக்க வேண்டும் என்பதற்காக இருப்பது. கமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நான் குத்தம் சொல்ல வரல சார்," என்றாள் விசாரணை. "என்னோடதும் அதே தலைப்புதான். வார்டுல துணைக்கு இருக்குறவங்க. எனக்கு அதப் படிக்கணும். படிக்காத ஒண்ண என்னால பட்டியல்ல போட முடியாது. எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு பேர் அந்தப் பெயரைத் தங்கள் புத்தகத்தில் கொண்டுபோனார்கள். அதைப் படிக்க வேண்டும் என்று கேட்டது இவள் ஒருத்திதான். கமாவுக்கு அது உறைக்க இரண்டு நிமிஷம் ஆனது. "நாளைக்கு வாம்மா," என்றார்.

மறுநாள் அலமாரி மேல் இருந்த அட்டைக் கோப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கையால் அடித்த நூற்று நாற்பத்தோரு தாள்கள். ஓரத்தில் எல்லாம் பச்சை மையில் டாக்டரம்மாவின் திருத்தங்கள். ஒரு பக்கத்தில் ‘இந்த வாக்கியம் யாருக்கும் புரியாது, எனக்கே புரியவில்லை’ என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தாளின் பின்னால் கமாவின் கையெழுத்தில் பதினேழாவது வேலை.

"என் சம்சாரம் எழுதினது," என்றார். "முடிக்கல. முடிச்ச மாதிரி பட்டியல்ல போட்டது நான்தான்."

"ஏன் சார்?"

"முப்பத்தொம்பது இருந்துச்சும்மா."

பைண்டிங் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, பசை நாற்றம் தாங்கவில்லை என்றார். பதினைந்து வருஷமாகத் தாங்கின நாற்றம்.

கமா ஒரு நிபந்தனை வைத்தார். கோப்பு கடையை விட்டு வெளியே போகாது, இங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். இதிலிருந்து எதையாவது எடுத்தால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். முடிக்காதது என்றால் முடிக்காதது என்றே போட வேண்டும். "எல்லாரும் அவ சொல்லாததுக்கு அவ பேரப் போட்டுட்டாங்க. ஒரே ஒரு இடத்துலயாவது அவ சொன்னது அவ பேர்ல வரட்டும். எனக்கு அது போதும்." விசாரணை சரி என்றாள்.

மூன்று நாள் அழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து படித்தாள். இடையிடையே தலைநிமிர்ந்து எதையாவது கேட்பாள்.

"சார், பத்தாவது வேலை, மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு மூணு கவுன்ட்டர் அலையிறது. இப்ப அஞ்சு கவுன்ட்டர் ஆகிடுச்சு."

"முன்னேற்றம்தான்," என்பார் கமா.

"ஏன் சார், இந்தப் பொண்ணு தினம் வந்து உக்காருதே, கடைய எழுதிக் கேக்குதா?" என்று அக்கா நடுவில் இடிப்பார்.

"எழுதிக் கேட்டா உங்களையும் சேத்துத்தான் எழுதணும். அதான் யோசிக்குது."

அந்த மூன்று நாளும் கடையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காம் நாள் பட்டியல் அடிக்க உட்கார்ந்தார்கள். இருநூறு மூலங்களை எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுகிற மனிதருக்கு இந்த ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நூல் இல்லை, அச்சாகவில்லை. ஆய்வேடு இல்லை, சமர்ப்பிக்கவில்லை.

"நேர்காணல்னு போடலாமா? உங்ககிட்ட வாங்கினேன்ல?" என்றாள் விசாரணை.

"நான் என்ன சொன்னேன்? நான் சொன்னது ஒரு வரி. இது அவ சொன்னது."

"அப்ப தனியார் ஆவணம். குடும்பக் கடிதம், நாட்குறிப்பெல்லாம் அப்படித்தான் போடுவாங்க."

"கடிதமா இது? அடிக்குறிப்பே எண்பத்தாறு இருக்கு."

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் கைப்பிரதிகள் என்று ஒரு புதுத் தலைப்பே போட்டு, அதன் கீழ் தனியாக அந்த ஒன்றை வைத்தார்கள். மனைவியின் பெயர், தலைப்பு, ‘முடிவுபெறாத முனைவர் பட்ட ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதி, சமர்ப்பிக்கப்படாதது, நான்கு அத்தியாயங்கள், 141 பக்கங்கள், கணவரின் பொறுப்பில் உள்ளது’. கமா அதை அச்செடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பெயர் என்னவோ சின்னதாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனாலும் அது அவள். ஆய்வேட்டின் உள்ளே அந்தப் பதினேழு வேலைகளும் ஆறு பக்கத்தில் வந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் சரியான பக்க எண்ணோடு.

விசாரணை அதைத் தன் கைடிடம் கொண்டுபோனாள். கைடு என்றால் ஆய்வை வழிநடத்துகிற பேராசிரியர், அவர் கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு வாசலைத் தாண்டாது. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கக் கடைசி நாள். அவள் திரும்பிவந்தது புதன்கிழமை மத்தியானம். முக்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்து மூடினாள். இன்னொரு முறை திறந்து மூடினாள்.

"என்னம்மா, பக்க எண் தப்பா?" என்றார் கமா.

"கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு சார்."

"எதுக்கு?"

அவள் பையிலிருந்து கைடு எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். கெட்டி அட்டை, பின்னால் பேராசிரியரின் படம், மோவாயில் விரல். ஆறு வருஷத்துக்கு முன் வெளிவந்தது. அவள் விரித்துக் காட்டிய பக்கத்தில் கமாவுக்குப் பழகிப்போன அந்த வாக்கியம் இருந்தது. உறவினர்களே முதன்மைக் காரணம். அடைப்புக்குறி, டாக்டரம்மா, ப. 212. எல்லா மாணவர்களும் அதை எடுத்தது இங்கிருந்துதான். இது இந்தத் தெருவில் அச்சான புத்தகம் இல்லை, அதனால்தான் கமாவின் கண்ணில் படவில்லை.

"இவரு எங்கேர்ந்து எடுத்தாராம்?"

"கேட்டேன். ஏதோ ஒரு ஆய்வேட்டுப் பட்டியல்ல பாத்தாராம். தலைப்ப வச்சு என்ன சொல்லியிருப்பாங்கன்னு ஊகிச்சாராம். பக்க எண் இல்லாம போட்டா நல்லா இருக்காதுன்னு..." அவள் நிறுத்தினாள். "நான் முடிவுபெறாதது, நூத்திநாப்பத்தோரு பக்கம்னு போட்டா அவரு புத்தகம் என்ன ஆகும்? அதான் ரெண்டுல ஒண்ணு பண்ணச் சொல்றாரு. எல்லாரும் போடுற மாதிரி முழு ஆய்வேடுன்னு போடணும். இல்லன்னா பேரையே எடுத்துடணும். அந்தப் பதினேழு வேலையையும் என்னோட களஆய்வுல நானே பாத்ததா எழுதிக்கலாமாம். யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் கமா. அது அவருக்குத் தெரிந்த விஷயம்தானே.

பைண்டிங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு மோவாயில விரல வச்சுக்கிட்டு நிக்கும்போதே நெனச்சேன். நீ மேலிடத்துல போய்ச் சொல்லு பாப்பா. விடாத."

"சொல்லலாம் அக்கா. மேலிடத்துல விசாரிச்சா மொதல்ல யாரு போட்டாங்கன்னு கேப்பாங்க." அவள் கமாவைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கும் இது மூணாவது நீட்டிப்பு. இதோட பதிவு ரத்தாகிடும். வீட்ல இனிமே காத்திருக்க மாட்டாங்க."

கமா அந்தப் புத்தகத்தை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றதச் செய்றேன் சார்," என்றாள் விசாரணை. "முழு ஆய்வேடுன்னு போடச் சொன்னீங்கன்னா போடுறேன். உள்ள இருக்குற பக்க எண்ணாவது நிஜமா இருக்கும். பேரும் இருக்கும்."

சொல்லும்போதே அவள் முகம் கோணிக்கொண்டது. படிக்காத ஒன்றைப் பட்டியலில் போட மாட்டேன் என்று வந்து நின்றவள், இப்போது அவருக்காக ஒரு பொய்யை எழுதத் தயாராக இருந்தாள். கமா அதைப் பார்த்தார். முப்பத்திரண்டாவது ஆள். முந்தைய முப்பத்தொரு பேருக்கும் அது பொய் என்று தெரியாது. இவளுக்குத் தெரியும், தெரிந்தே கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து ஆயுசுக்கும் அவளோடு வரும்.

"பேர எடுத்துடும்மா," என்றார்.

"அப்ப அந்த ஆறு பக்கத்தையும் எடுத்துடறேன். அது என்னோடது இல்ல."

"அது இருக்கட்டும்."

"எப்படி சார் இருக்கும்? பேரு இல்லாம?"

"நீயும் அந்த வார்டுல உக்காந்து பாத்திருக்க. பாட்டிலப் புடிச்சுக்கிட்டு மாடி ஏறுறவன நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்ப உன்னோடதும்தான். வேலைங்க இருக்கட்டும். பேரு போகட்டும்." கணினியின் பக்கம் திரும்பினார். "நவுந்து உக்காரு. வெளிச்சம் மறைக்குது."

எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கைப்பிரதிகள் என்ற தலைப்பு போனது, அதன் கீழ் இருந்த ஒரே வரி போனது. உள்ளே பதினேழு இடத்தில் அடைப்புக்குறிகள் போயின. ஒவ்வொன்றையும் அழித்தபின் அந்த இடத்தில் இரட்டை இடைவெளி விழாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். பழக்கதோஷம். பட்டியலை எண்ணினால் நாற்பத்தாறு வந்தது. டாக்டரம்மா இல்லாமலேயே தாராளமாக நாற்பதைத் தாண்டியிருந்தது.

ஐந்து பிரதிகள் அச்சாகின. பைண்டிங் அக்கா பசை தடவினார். வெள்ளிக்கிழமை காலை விசாரணை வந்து வாங்கிக்கொண்டாள். நன்றியுரையில் கடையின் பெயரைப் போட்டிருந்தாள், கூடவே கமாவின் சொந்தப் பெயரையும். மனைவியின் பெயரை அங்கேயாவது போடுகிறேன் என்று கேட்டதற்குக் கமா மறுத்திருந்தார். எதற்காக நன்றி என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்டாராம். வாசல்படியில் நின்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் அடுத்த வேலையை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் போனதும் ஒட்டுத்துணியைத் திறந்து அந்த வரியை அழித்தார். இனிமேல் இந்தக் கடையிலிருந்து அது போகாது. அக்காவிடமும் சொன்னார். "இனிமே யாரும் கேட்டா, அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க. என் வாயில வராது."

சொல்லுகிற நாள் பத்து நாளில் வந்தது. வந்தவர் ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தர், பதவி உயர்வுக்காகப் பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர். வழுக்கை, சட்டைப்பையில் மூன்று பேனா. மருத்துவமனை நிர்வாகம் பற்றிய ஆய்வேடு, முப்பத்தெட்டு நூல்கள். இரண்டு குறைகிறது என்பதைக் கூச்சப்படாமல் சொன்னார்.

"நிர்வாகத்துல ரெண்டு புத்தகம் தர்றேன்," என்றார் கமா. "நூலகத்துல இருக்கு. ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டு வாங்க."

"புரட்ட எங்கங்க நேரம்? ஒண்ணு நீங்க குடுங்க, இன்னொண்ணு அந்தம்மாவோடதப் போட்டுடுங்க." பெயரைச் சரளமாகச் சொன்னார், முதலெழுத்து உட்பட.

"அப்படி ஒரு ஆய்வேடு இல்லைங்க."

"இல்லையா?" எழுத்தர் சிரித்தார். "என்னங்க நீங்க, தொழில்ல இருந்துக்கிட்டு. மருத்துவமனைன்னாலே அவங்கதான்." கைபேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். வரிசையாகப் பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர். பாதிக்கு மேல் கமாவே அடித்தவை. "பாருங்க. இத்தன பேரும் பொய்யா எழுதியிருப்பாங்க?"

"அவங்க முடிக்கலைங்க. நூத்திநாப்பத்தோரு பக்கம்தான் எழுதினாங்க. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு ஒண்ணு கெடையாது."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

பைண்டிங் அக்கா வாயைத் திறந்தார். கமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அக்கா மூடிக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன்," என்றார் கமா.

எழுத்தர் பரிதாபப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் கடைநிலை ஆட்களுக்கு விதிகளை விளக்குகிற பொறுமையோடு பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தத டைப் பண்றவரு, உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. எங்க கைடு சொல்வாரு, அந்தம்மா ரொம்பக் கறாரானவங்களாம். கூட வர்ற சொந்தக்காரங்க அத்தன பேரையும் வெளிய தள்ளணும்னு அந்தக் காலத்துலயே எழுதினவங்க. அவங்க எவ்வளவு பெரிய ஆளுன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்ல."

கமா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதப் போட மாட்டேங்க," என்றார்.

"சரி விடுங்க. கடையா இல்ல." எழுத்தர் பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்துத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. எதிர்க்கடைக்காரன் என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டான், எழுத்தர் கைபேசியைக் காட்டினார், அவன் பார்த்துப் பார்த்து அடித்தான். அரை நிமிஷ வேலை.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து என்ன விஷயம், ஏன் உம்மென்று இருக்கிறீர்கள் என்று பைண்டிங் அக்காவைத் துருவினார்கள். ஒன்றுமில்லை என்று அவர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.